அண்டித்தோடும் பிரேக் கட்டையும்

பழைய கார் வைத்திருக்கும் நம்மாட்கள் எல்லாருக்கும் இது பழக்கமான விஷயம்தான். 12 வருஷத்து கேம்ரியோ அக்கார்டோ ஒருநாள் பிரேக் பிடிக்கும்போது கிறீச்சென்று கத்த ஆரம்பிக்கும். உதிரிபாகக் கடைக்குப் போனால் கல்லாவில் நிற்கிற பையன் மூன்று பெட்டிகளை எடுத்து வைப்பான். ஒன்று ஆர்கானிக், ஒன்று செமி மெட்டாலிக், ஒன்று செராமிக். எது நல்லது என்று கேட்டால் விலை கூடிய பெட்டியைத் தொட்டுக் காட்டுவான். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிற வண்டியாச்சே, இதில் கணக்குப் பார்க்க வேண்டாம் என்று நாமும் அதையே வாங்கி வந்துவிடுவோம்.

அந்த மூன்று பெட்டிகளும் முதல் தரம், இரண்டாம் தரம், மூன்றாம் தரம் அல்ல. ஒரே கேள்விக்கு வேறு வேறு காலத்தில், வேறு வேறு வண்டிகளை மனதில் வைத்துச் சொல்லப்பட்ட மூன்று பதில்கள். கேள்வி இதுதான்: ஆஸ்பெஸ்டாஸை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் எதை வைப்பது?

இதையெல்லாம் நான் தேடிப் படிக்கக் காரணம் என் கேம்ரி அல்ல, ஊரில் நிற்கும் ஒரு அம்பாசடர். எங்கள் ஊர் பனச்சமூடு. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், அது தமிழ்நாடும் கேரளமும் தொட்டுக்கொள்ளும் இடம். இந்தப் பக்கம் அருமனை, அந்தப் பக்கம் வெள்ளறடை, கொஞ்சம் தள்ளி பாறசாலை, நெய்யாற்றின்கரை. மூடு என்றால் எங்கள் பேச்சில் மரத்தின் அடி. சந்தைக்குப் பேர் போன ஊர். சந்தையில் ஒரு வார்த்தை தமிழில் பேசினால் அடுத்த வார்த்தை மலையாளத்தில் வரும், யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். அங்கே சித்தப்பா வீட்டு முற்றத்தில் அந்த அம்பாசடர் இன்னும் ஓடுகிற நிலையில் இருக்கிறது. சித்தப்பா மகன் போனில் கேட்டான்: "அண்ணே, லைனர் மாத்தணும்னு ஒர்க்‌ஷாப்பு ஆசான் சொல்லுதாரு. பழைய ஸ்டாக் ஒண்ணு இருக்காம், நல்லா பிடிக்குமாம். புதுசு ஒண்ணும் இருக்காம். எதை வாங்க?"

சாதாரணக் கேள்விதான். ஆனால் அந்தப் 'பழைய ஸ்டாக்' என்ற இரண்டு வார்த்தைக்குள் நூறு வருஷத்துக் கதை இருக்கிறது.

முதலில் தோலிலிருந்து தொடங்குவோம். 1888 ஆகஸ்டில் பெர்தா பென்ஸ், கணவர் கார்ல் பென்ஸ் செய்த மூன்று சக்கர மோட்டார் வண்டியை அவரிடம் சொல்லாமலே எடுத்துக்கொண்டு, இரண்டு மகன்களோடு மான்ஹைமிலிருந்து ஃபோர்ஸ்ஹைமுக்குப் போனார். 100 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். வழியில் இறக்கங்களில் மரக்கட்டை பிரேக் தேய்ந்துபோக, ஒரு செருப்புத் தைப்பவரைப் பிடித்துக் கட்டைமேல் தோலை ஆணியடிக்கச் சொன்னார். உலகத்தின் முதல் பிரேக் லைனிங் அதுதான் என்று சொல்வார்கள். ஒன்பது வருஷம் கழித்து 1897-ல் இங்கிலாந்தின் டெர்பிஷயர் மலைப்பக்கத்தில் ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர், விவசாயிகள் குதிரை வண்டி பிரேக்கில் பழைய பூட்ஸை அடித்து வைத்திருப்பதைக் கவனித்தார். பூட்ஸை விட நல்லதாக ஒன்றைச் செய்யலாமே என்று முடியையும் பருத்தியையும் நெய்து, தாரிலும் பிசினிலும் ஊறவைத்து பிரேக் கட்டை செய்தார். அவர் பெயரின் எழுத்துகளை மாற்றிப்போட்டு, மனைவி எலிசபெத்தின் முதல் எழுத்தையும் சேர்த்து வந்த பெயர்தான் ஃபெரோடோ.

பருத்திக்கு ஒரு எல்லை உண்டு. பிரேக் என்பது ஓடுகிற வேகத்தைச் சூடாக மாற்றுகிற கருவி, வேறொன்றும் இல்லை. வண்டி கனக்கக் கனக்க, வேகம் கூடக் கூட, சூடு ஏறும். 150 டிகிரி தாண்டினால் பருத்தி கருகும். 1908 வாக்கில் ஃப்ரூட் ஆஸ்பெஸ்டாஸுக்கு மாறினார்.

அதில் தப்புச் சொல்ல என்ன இருக்கிறது? பூமியில் தோண்டி எடுக்கும் கல், ஆனால் பஞ்சு போல நூற்கலாம், துணி போல நெய்யலாம். எரியாது. சூட்டிலும் பிடிப்பு குறையாது. டிரம்மை அதிகம் தின்னாது. மலிவு. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் மலை மலையாகக் கிடந்தது. (அங்கே ஒரு ஊருக்கே ஆஸ்பெஸ்டாஸ் என்றுதான் பெயர். 2020-ல் ஊர்க்காரர்கள் ஓட்டுப் போட்டுப் பெயரை மாற்றினார்கள்.) அடுத்த 70 வருஷம் உலகத்தில் ஓடிய ஏறக்குறைய எல்லா வண்டியும் நின்றது இந்தக் கல்நாரால்தான். பல லைனர்களில் எடையில் பாதி வரை அதுவே.

எங்கள் ஊர் வழிக்கு அது எப்போது வந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். திருவிதாங்கூர் அரசு 1938 பிப்ரவரி 20-ல் அரசுப் பேருந்துப் போக்குவரத்தைத் தொடங்கியது. லண்டன் போக்குவரத்தில் வேலை பார்த்த சால்ட்டர் என்பவரைக் கூட்டிவந்து பொறுப்பைக் கொடுத்தார்கள். இங்கிலாந்திலிருந்து காமர் அடிச்சட்டங்கள், பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சின்கள். திருவனந்தபுரம் முதல் கன்னியாகுமரி வரை ஓடிய தடம்தான் முதலில் அரசு எடுத்துக்கொண்டது. நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை, குழித்துறை, மார்த்தாண்டம் (எங்கள் பாட்டி கடைசி வரை தொடுவெட்டி என்றுதான் சொன்னார்) வழியாக, ஏறி இறங்கி ஏறி இறங்கிப் போகும் சாலை. அந்தக் காலத்து இங்கிலாந்து லாரி, பஸ் எல்லாவற்றுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் லைனிங்தான். நம் தாத்தாமார் நாகர்கோவில் போய் வந்த பஸ்ஸும் அப்படித்தான் நின்றிருக்கும்.

ஆனால் அந்த பஸ் ஓடத் தொடங்குவதற்கு 14 வருஷம் முன்பே கதையின் மறுபக்கம் அச்சில் வந்துவிட்டது. இங்கிலாந்தின் ரோச்டேல் ஊரில் டர்னர் பிரதர்ஸ் ஆலையில் ஆஸ்பெஸ்டாஸ் நூல் நூற்ற நெல்லி கெர்ஷா என்ற பெண் 1924 மார்ச்சில் இறந்தார். வயது 33. நுரையீரல் முழுக்க நார்த்துகள். டாக்டர் குக் என்பவர் அதைப் பரிசோதித்து பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். ஆலை நிர்வாகம் நஷ்டஈடு தரவில்லை, அடக்கச் செலவுக்குக் கூடத் தரவில்லை. 1920-களின் நடுவில் ஃபெரோடோவும் இதே டர்னர் அண்ட் நியூவால் குழுமத்துக்குள் வந்து சேர்ந்தது. 1930-ல் அரசாங்க மருத்துவ ஆய்வாளர் மெரிவெதரின் அறிக்கை வந்தது, 1931-ல் ஆலைத் தூசிக்கு விதிகள் வந்தன.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. விதி வந்தது நூற்கிற ஆலைக்கு, நெய்கிற ஆலைக்கு. அங்கே செய்த லைனர் உலகம் முழுக்கக் கப்பலேறிப் போய், ஏதோ ஒரு தெருமுனை ஒர்க்‌ஷாப்பில் தேய்க்கப்படும்போது பறக்கிற தூசிக்கு யாரும் விதி போடவில்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கார் மெக்கானிக்குகளுக்காக ஒரு சின்ன வழிகாட்டிப் புத்தகம் போட்டது 1986-ல். கெர்ஷா இறந்து 62 வருஷம் கழித்து!

நம் நாட்டுக் கதைக்கு வருவோம். சுதந்திரத்துக்குப் பிறகு இறக்குமதியைக் குறைக்க எல்லாமே உள்ளூரில் செய்ய வேண்டும் என்ற நிலை. மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை அம்பாசடர் என்ற பெயரில் 1950-களின் கடைசியில் செய்யத் தொடங்கியது. அதற்கு பிரேக் வேண்டுமே. சென்னையில் டி.வி.எஸ். குழுமம் இங்கிலாந்தின் கர்லிங்கோடு சேர்ந்து 1962-ல் பிரேக்ஸ் இந்தியாவைப் பாடியில் தொடங்கியது. 1964-ல் ரானே பிரேக் லைனிங் வந்தது. 1974-ல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ். மும்பைப் பக்கம் ஹிந்துஸ்தான் ஃபெரோடோ, பெயரிலேயே வம்சம் தெரியும். பிரேக் விஷயத்தில் இந்தியாவுக்குச் சென்னை ஒரு தலைநகரம் மாதிரி என்று சொன்னால் மிகையில்லை. அந்தக் காலத்தில் உலகம் முழுக்கச் செய்ததைத்தான் நாமும் செய்தோம். கல்நார், ஃபீனால் பிசின், ரப்பர், இன்னும் சில பொடிகள். சூடுபடுத்தி அழுத்தினால் லைனர் தயார்.

பழைய அம்பாசடரில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். டிரம் என்பது மூடிய சட்டி. லைனர் தேய்ந்து விழும் தூசியில் பெரும்பகுதி உள்ளேயே தங்கும். அதில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. ரோட்டில் பறப்பது குறைவு, ஆனால் டிரம்மைக் கழற்றுகிறவனுக்கு மொத்தமும் ஒரே நேரத்தில் கிடைக்கும். பிரேக் சூட்டில் கல்நாரின் பெரும்பகுதி வேறு தாதுவாக மாறிவிடுகிறது, தேய்ந்த தூசியில் நார் மிகக் கொஞ்சம்தான் என்பது உண்மை. ஆனால் புது லைனரை டிரம்மின் வளைவுக்குப் பொருந்தும்படி அரத்தாலும் உப்புத்தாளாலும் தேய்க்கிறார்களே, அந்தத் தூசி சூடு காணாத தூசி. அதில் நார் நாராகவே இருக்கும். சின்ன வயதில் ஒர்க்‌ஷாப்பில் நான் பார்த்த வேலைமுறை இதுதான்: டிரம்மைக் கழற்று, காற்றுக் குழாயை வைத்து 'புஸ்ஸ்' என்று ஊது, ஷூவை மடியில் வைத்துத் தேய், பக்கத்தில் ஸ்டூல்மேல் கட்டஞ்சாயா. அதே உடுப்போடு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்கு.

ஆஸ்பெஸ்டாஸ் நோய் உடனே தெரியாது. 20, 30, 40 வருஷம் கழித்துத்தான் வரும். அதனால்தான் 1995 ஜனவரியில் இந்திய உச்ச நீதிமன்றம், ஆஸ்பெஸ்டாஸ் ஆலைகள் ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலக் குறிப்பையும் வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 வருஷமாவது வைத்திருக்க வேண்டும் என்றது. நோய் உறுதியானால் 1 லட்சம் ரூபாய் நஷ்டஈடு என்றும் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் சாலையோர ஒர்க்‌ஷாப்பில் குறிப்பு எழுத யார் இருக்கிறார்கள்?

உலகம் மெதுவாக விலகியது. பிரிட்டன் 1999-ல் வெள்ளை ஆஸ்பெஸ்டாஸையும் தடை செய்தது. ஆஸ்திரேலியாவில் 2003 டிசம்பர் 31 முதல், ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க 2005 முதல், தோண்டி விற்ற கனடாவிலேயே 2018-ல் தடை. அமெரிக்கா கதை கொஞ்சம் கோணல். 1989-ல் தடை விதி போட்டார்கள், 1991-ல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் அதில் பெரும்பகுதியை ரத்து செய்தது. கார் கம்பெனிகள் தாங்களாகவே அதற்குள் பெரும்பாலும் விட்டுவிட்டன, ஆனால் மாற்று உதிரிபாகமாக இறக்குமதி ஆவது தொடர்ந்தது. 2024 மார்ச்சில்தான் பிரேக் லைனர்களையும் சேர்த்துத் தடை விதி வந்தது. இந்தியாவில் புதுக் கார்களுக்குச் செய்யும் பெரிய கம்பெனிகள் ஆஸ்பெஸ்டாஸ் இல்லாததற்கு மாறிவிட்டன. ஆனால் இறக்குமதிக்கும் பயன்பாட்டுக்கும் பொதுத் தடை இன்றுவரை இல்லை. ஆகவே பழைய வண்டிக்குப் 'பழைய ஸ்டாக்' என்று யாராவது ஒரு பெட்டியை எடுத்துத் தூசி தட்டினால், தட்டுவதற்கு முன்னாலேயே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கண்ணால் பார்த்து இதில் கல்நார் இருக்கிறதா இல்லையா என்று சொல்லவே முடியாது. ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கி வைத்துத்தான் சொல்ல முடியும்.

சரி, கல்நாரை எடுத்தாச்சு. அந்த இடத்தில் என்ன?

முதல் பதில் இரும்பு. 1970-களின் கடைசியிலும் 80-களிலும் அமெரிக்கக் கார்கள் சிறுத்து, முன்சக்கரம் இழுக்கிற வண்டிகளாக மாறின. எடை முழுக்க முன்னால். பிரேக் வேலையில் முக்கால் பங்கு முன் சக்கரத்துக்கு. சின்ன டிஸ்க், நிறைய சூடு. எஃகு நாரும் இரும்புப் பொடியும் கலந்த செமி மெட்டாலிக் அந்தச் சூட்டைத் தாங்கியது. ஆனால் குளிரில் பிடிப்பு மந்தம், சத்தம், டிஸ்க்கையும் சேர்த்துத் தின்னும்.

இரண்டாவது பதில், கல்நாருக்குப் பதில் வேறு நார்கள். கண்ணாடி இழை, மர நார், டூபான்ட் கம்பெனியில் ஸ்டெபனி க்வாலெக் என்ற வேதியியல் அறிஞர் 1965-ல் கண்டுபிடித்த கெவ்லார். இதைத்தான் ஆர்கானிக் என்கிறார்கள் (தோட்டத்தில் விளைந்தது என்று நினைக்க வேண்டாம் :-) ). மென்மை, சத்தமில்லை, டிரம்மைக் கெடுக்காது. தேய்மானம் கொஞ்சம் கூடுதல்.

மூன்றாவது, 1980-களில் ஜப்பானின் அகேபோனோ கொண்டுவந்த செராமிக். பீங்கான் துண்டு அல்ல, ஆர்கானிக் குடும்பத்தின் வசதியான தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். செராமிக் இழையோடு சூட்டைக் கடத்தச் செம்பையும் சேர்த்தார்கள். அழகாக வேலை செய்தது. தூசி வெளிர்நிறம், சக்கரத்தில் கறுப்பு ஒட்டாது. ஆனால் அந்தச் செம்பு மழைநீரில் கரைந்து ஆற்றுக்குப் போய் சால்மன் மீனின் மோப்ப சக்தியைக் கெடுக்கிறது என்று தெரிந்தது. வாஷிங்டன், கலிபோர்னியா இரண்டு மாநிலங்களும் 2010-ல் சட்டம் போட்டன. 2021-ல் 5 சதவீதத்துக்குக் கீழே, 2025-ல் 0.5 சதவீதத்துக்குக் கீழே என்று கணக்கு. மீனுக்குச் சட்டம் போட எடுத்த வேகம் மனுஷனுக்கு எடுத்ததைவிட அதிகம் என்று நான் சொன்னால் கோபிக்காதீர்கள்.

ஆஸ்பெஸ்டாஸ் போய்விட்டது. செம்பு போய்க்கொண்டிருக்கிறது. ஆனால் 1930-களிலிருந்து இன்றுவரை பிரேக் லைனருக்குள் அசையாமல் இருக்கும் ஒரு சரக்கு உண்டு. அது எங்கள் ஊர்ச் சரக்கு. அண்டித்தோடு!

அண்டி என்றால் எங்கள் பக்கம் முந்திரிக்கொட்டை. போர்ச்சுக்கீசியர் பிரேசிலிலிருந்து 16-ம் நூற்றாண்டில் கொண்டுவந்த மரம், அதனால்தான் மலையாளத்தில் பறங்கிமாவு. பருப்புக்கும் வெளித்தோலுக்கும் நடுவே தேன்கூடு போன்ற அறைகளில் ஒரு கரும்பழுப்பு எண்ணெய் இருக்கும். பச்சையாகக் கடித்தவர்களுக்குத் தெரியும், உதடு வெந்து புண்ணாகிவிடும். 1920-களில் கொல்லத்திலிருந்து முந்திரிப்பருப்பு அமெரிக்காவுக்குப் பெட்டி பெட்டியாகக் கப்பலேறத் தொடங்கியது. அதே காலத்தில் நியூயார்க் பக்கத்தில் மோர்டிமர் ஹார்வி என்ற வேதியியலாளர், ஆலைக்காரர்கள் எரித்துத் தொலைத்துக்கொண்டிருந்த இந்தத் தோட்டு எண்ணெயை ஆராய ஆரம்பித்தார். 1920-களிலும் 30-களிலும் இதற்காகவே அவர் பல காப்புரிமைகள் வாங்கினார்.

வேலை செய்யும் விதம் இப்படி. எண்ணெயைச் சூடாக்கினால் கார்டனால் என்ற பொருள் கிடைக்கும். அது ஃபீனாலுக்குச் சொந்தக்காரன், ஆனால் பின்னால் ஒரு நீண்ட கொழுப்பு வால் உண்டு. ஃபார்மால்டிஹைடோடு சேர்த்து இறுக வைத்து அரைத்தால் பழுப்பு நிறப் பொடி. ஃபிரிக்‌ஷன் டஸ்ட் என்று தொழிலில் பெயர். வெறும் ஃபீனால் பிசின் கண்ணாடி மாதிரி விறைப்பு. நடுவில் இந்தப் பொடி இருந்தால் கொஞ்சம் நெகிழ்வு கிடைக்கும், அதிர்வை உறிஞ்சும், கிறீச் சத்தம் குறையும். குளிர்ந்த வண்டியில் முதல் மிதியிலேயே மெத்தென்று பிடிக்கும். சூடு ஏறும்போது பொடி மேல்பரப்பில் மெல்லக் கருகி உராய்வை ஒரே சீராக வைத்திருக்கும். ஆஸ்பெஸ்டாஸ் லைனரிலும் இது இருந்தது, ஆர்கானிக்கிலும் இருக்கிறது, செராமிக்கிலும் இருக்கிறது. உங்கள் கேம்ரியில் கூட இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. லைனரில் ரப்பரும் ஒரு சரக்கு என்று மேலே சொன்னேன், ரப்பர் மரம் எங்கள் ஊரைச் சுற்றி வேலிக்கு வேலி நிற்கிறது.

இந்த எண்ணெய்க்கு ஊரில் ஒரு விலை கொடுத்தவர்கள் உண்டு. 1956 நவம்பர் 1-ல் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாவும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அதுவரை ஒரே திருவிதாங்கூராக இருந்த இடத்தில் ஒரு கோடு விழுந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் தொழிற்சங்கம் வலுத்து, முந்திரித் தொழிலாளிகளுக்குக் குறைந்தபட்சக் கூலி அமலானபோது, கொல்லம் முதலாளிகள் பலர் ஆலைகளைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்தார்கள். கூலி குறைவு, கேட்க ஆளில்லை. விளவங்கோடு, கல்குளம் தாலுகாக்களில் அண்டி ஆபீஸ்கள் முளைத்தது இப்படித்தான். (கேரள அரசு வேலையை அங்கேயே நிறுத்திவைக்க 1969-ல் முந்திரி வளர்ச்சிக் கழகம் என்று தனியாக ஒன்றைத் தொடங்க வேண்டி வந்தது.) உள்ளே வேலை பார்ப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். காலை மடக்கி உட்கார்ந்து ஒவ்வொரு அண்டியாகக் கட்டையால் தட்டி உடைக்க வேண்டும். கைக்குச் சாம்பலோ எண்ணெயோ பூசிக்கொள்வார்கள், இருந்தாலும் விரல் நுனி கறுத்துத் தோல் உரியும். எங்கள் ஊரில் ஒரு வீட்டுப் பெண்பிள்ளை அண்டி ஆபீஸுக்குப் போகிறாளா என்று கையைப் பார்த்தே சொல்லிவிடலாம். அந்தக் கைகளில் பல பிள்ளைகளைப் படிக்கவைத்து கல்ஃபுக்கும் அமெரிக்காவுக்கும் அனுப்பியிருக்கின்றன. இதைப் படிக்கிறவர்களில் அப்படி வந்தவர்கள் இருப்பீர்கள்.

ரோச்டேலில் நெல்லி கெர்ஷா, விளவங்கோட்டில் பெயர் எங்கும் பதியாத எத்தனையோ அக்காமார். ஒரு பிரேக் கட்டைக்குள் இரண்டு பேரும் இருந்திருக்கிறார்கள்.

இப்போது சித்தப்பா மகனுக்கு நான் சொன்ன பதில். பழைய அம்பாசடருக்கு பிரேக் பூஸ்டர் கிடையாது, கால் பலம்தான் பிரேக் பலம். அதற்கு இரும்பு கலந்த கடின லைனர் சரிப்படாது. காலையில் முற்றத்திலிருந்து இறக்கத்தில் இறக்கும்போது குளிர்ந்த லைனர் பிடிக்க வேண்டும். ஆகவே ஆஸ்பெஸ்டாஸ் இல்லை என்று பெட்டியில் அச்சடித்த, பெயர் தெரிந்த கம்பெனியின் மென்மையான ஆர்கானிக் லைனர். ஒரே அச்சில் இடது வலது இரண்டுக்கும் ஒரே சரக்கு, ஒரே நேரத்தில் மாற்ற வேண்டும். ஒன்று பழசு ஒன்று புதுசு என்றால் பிரேக் மிதித்ததும் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். டிரம் உள்ளே நீலம் பாய்ந்தோ வட்டம் கெட்டோ இருந்தால் லேத்தில் கொடுத்துச் சரிசெய்யாமல் புது லைனர் போட்டுப் பிரயோஜனம் இல்லை. போட்ட பிறகு முதல் 200, 300 கிலோமீட்டர் மெல்ல மெல்லப் பிடித்துப் பழக்க வேண்டும்.

இங்கே நம் ஜப்பான் கார்களுக்கு? வண்டி எந்த வகைப் பேடோடு பிறந்ததோ அதே வகை. 15 வருஷத்து கேம்ரிக்கு ஆர்கானிக்கோ செராமிக்கோ போதும். பின்னால் படகு இழுப்பவர்கள், கொலராடோ மாதிரி மலை இறங்குபவர்கள் மட்டும் செமி மெட்டாலிக்கை யோசிக்கலாம். மிஷிகனில் நான் இருக்கும் பக்கம் மலையும் இல்லை, மேடும் இல்லை. இங்கே பேட் தேய்வதற்கு முன் ரோட்டில் கொட்டும் உப்பில் காலிப்பர் பின் துருப்பிடித்து இறுகிவிடும். பேட் மாற்றும்போது அதைக் கழற்றித் துடைத்து கிரீஸ் போடச் சொல்லுங்கள். அதைச் செய்யாமல் விலை கூடிய செராமிக் போட்டாலும் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து போகும்.

பேடின் ஓரத்தில் இரண்டு எழுத்து அச்சடித்திருக்கும், படித்துப் பாருங்கள். ஆங்கில ஈ, எஃப், ஜி. முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உராய்வு, இரண்டாவது அதிகச் சூட்டில். ஈ என்றால் 0.25 முதல் 0.35, எஃப் என்றால் 0.45 வரை, ஜி என்றால் 0.55 வரை. இரண்டு எழுத்தும் ஒன்றாக இருந்தால் சூடானாலும் பிடிப்பு அதிகம் மாறாது என்று அர்த்தம். பேட் எத்தனை நாள் உழைக்கும் என்பதை அது சொல்லாது. ஆங்கில 'என்' என்ற எழுத்தோடு மூன்று இலை அடையாளம் இருந்தால் செம்பு 0.5 சதவீதத்துக்குக் கீழே. ஐரோப்பாவில் இருப்பவர்கள் ஆர்90 அங்கீகாரக் குறியைப் பாருங்கள், அது இருந்தால் மூல பேடோடு ஒப்பிட்டுச் சோதித்தது.

ஆசானிடம் சொல்லச் சொன்னது இன்னொன்றும் உண்டு, இதுதான் முக்கியம். இப்போது டிரம்முக்குள் இருக்கிற தேய்ந்த லைனர் எந்தக் காலத்தது என்று யாருக்கும் தெரியாது. அதைக் கழற்றும்போது காற்றுக் குழாய் வேண்டாம். டிரம்மை உருவும்போதே சோப்புத் தண்ணீர் தெளித்து நனைத்து, ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பிளாஸ்டிக் பையில் கட்டிவிட வேண்டும். புது லைனரைத் தேய்ப்பதானாலும் நனைத்துத் தேய்க்கலாம், வாயில் சாதாரணத் துணியைக் கட்டுவது போதாது. கூட நிற்கிற பையன்களை அந்த நேரம் வேறு வேலைக்கு அனுப்பிவிடலாம். முதலில் ஆசான் சிரித்திருக்கிறார்: "முப்பது வருஷமா ஊதுதேன், எனக்கு என்ன வந்துச்சு?" முப்பது வருஷம் என்பதுதான் பயம் என்று சித்தப்பா மகனை எடுத்துச் சொல்லச் சொன்னேன். நேற்று வேலை முடிந்தது. ஒரு வாளித் தண்ணீரும் ஒரு ஷாம்பூ பாக்கெட்டும் செலவு என்றான். வண்டி நேராக நிற்கிறதாம். அடுத்த வண்டிக்கு ஆசான் தானாகவே வாளியை எடுத்து வைத்தாராம்.